வண்டிக் கதவில் ஒரு பெயர்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
6 அக்டோபர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ருக்ஸானா மதினிக்கும் என் ஸலாம். போனில் சொன்னால் பாதியிலேயே நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் 'வழித்துணை' அமைப்புக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த வண்டி ஓய்ந்துவிட்டது. ஆகஸ்டில் டிரான்ஸ்மிஷன் போனது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அப்போதே உங்களுக்கு மூன்று முறை போன் பண்ணினேன். கடையில் வேலையாக இருக்கிறீர்கள் என்று மதினி சொன்னார்கள்.

இப்போது நம்மிடம் பதினோரு நோயாளிகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் சென்டருக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். இந்த ஊரில் கார் ஓட்ட முடியாதவர் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். நானும், டெலிகாம் கம்பெனியில் இருக்கும் ரஞ்சித்குமாரும், இன்னும் இரண்டு பேரும் சொந்தக் காரில் ஓட்டிச் சமாளிக்கிறோம். இர்விங்கில் மயில்சாமி என்று ஒருவர். பொள்ளாச்சிக்காரர். ஒரு மோட்டலில் ரிப்பேர் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவரையும் வீல்சேரையும் என் காரில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அவர் மனைவி வசந்தாமணிக்கு கார் ஓட்டத் தெரியாது.

விஷயம் இதுதான். சென்டரில் இருக்கும் சோஷியல் ஒர்க்கர் சொன்னதைக் கேட்டு, டாலஸில் யூத சமூகத்தார் நடத்தும் ஒரு நிதிக்கு அப்ளை பண்ணினேன். வருடா வருடம் லாபம் பார்க்காத அமைப்புகளுக்குக் கொடுப்பார்களாம். இந்த வருடம் பதினேழு அமைப்புகள். காது கேளாத பிள்ளைகளின் பள்ளி இருக்கிறது, சர்ச் நடத்தும் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. நம் பெயரும் இருக்கிறது. வீல்சேரைத் தூக்கி ஏற்ற லிஃப்ட் வைத்த புது வண்டி தருகிறார்கள். பக்கக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு அந்த நிதியின் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

முதல் வண்டி கொடுத்தவர் நீங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களிடம் சொல்கிறேன். 'கேட்கிறேன்' என்று எழுதத்தான் பேனா போனது. 'சொல்கிறேன்' என்றே எழுதிவிட்டேன்.

தங்கை,
சாலிஹா


எடிசன், நியூ ஜெர்சி
14 அக்டோபர் 1998

சாலிஹா,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மதினியிடம் காட்டவில்லை.

நீ கேட்கவில்லை, சொல்கிறாய். சரி, நானும் சொல்கிறேன். அந்தக் கையெழுத்தைப் போடாதே.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. என் கடைக்கு எதிரில் இருக்கும் பல் டாக்டர் யூதர்தான். பத்து வருடப் பழக்கம். அது வேறு, இது வேறு. அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்னால் வண்டி நின்றால் நம் ஆட்கள் என்ன பேசுவார்கள்? பாலஸ்தீனத்தில் வீடு வாசலை இழந்து வந்தவர்கள் உங்கள் பள்ளியிலேயே தொழுகிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாய்? இங்கே டிசம்பரில் நான் பள்ளிவாசல் கமிட்டித் தலைவருக்கு நிற்கிறேன். "ஷம்சுதீன் பாயோட தங்கச்சி அவங்ககிட்ட கை நீட்டுச்சாமே" என்று ஒரு ஆள் ஆரம்பித்தால் போதும்.

ஆகஸ்டில் நீ போன் பண்ணினாய். நான் திரும்பக் கூப்பிடவில்லை. தப்புத்தான். அதற்காக வெளியே போய்க் கேட்பதா? அண்ணன் உயிரோடுதானே இருக்கிறேன்?

வண்டியை நான் வாங்கித் தருகிறேன். நவம்பர் முடிவதற்குள், லிஃப்ட் வைத்த வண்டியே. மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல்.

அண்ணன்,
ஷம்சுதீன்


ரிச்சர்ட்சன்
30 அக்டோபர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன்.

தபாலில் மறுப்பது மரியாதையாகப் படவில்லை. நேரில் போனேன். மிரியம் என்ற அம்மாள்தான் நம் விண்ணப்பத்தைப் பார்த்தவர். ஐம்பது வயது இருக்கும். செப்டம்பரில் அவரே வந்து, மயில்சாமியை என் காரில் ஏற்றுவதை நின்று பார்த்துவிட்டுப் போனவர். என் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். பிறகு, "கதவில் எங்கள் பெயர் இருப்பது சிரமமா? அப்படியானால் எடுத்துவிடலாம். என் கமிட்டியிடம் நான் பேசுகிறேன்" என்றார்.

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "இல்லை, எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் வாங்கித் தருகிறார்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது நல்ல செய்திதானே! அதற்கு ஏன் இவ்வளவு சங்கடப்படுகிறீர்கள்?" என்று கேட்டார்.

டிசம்பர் முதல் தேதி அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிவிடுவார்களாம். அதுவரை என் கடிதத்தை ஃபைலில் சேர்க்காமல் மேஜையிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தத் தேதியை நினைவில் வையுங்கள், அண்ணா.

ரஞ்சித்குமார் என்னிடம் ஒழுங்காகப் பேசவில்லை. "அக்கா, கைக்கு வந்த வண்டிய யாராவது ரிட்டர்ன் பண்ணுவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சாலிஹா


எடிசன்
24 நவம்பர் 1998

சாலிஹா,

பணம் தயார். அந்த அம்மாளிடம் ஃபைலை மூடிவிடச் சொல். வண்டியை நீயே பார்த்து வை.

ஷம்சுதீன்


எடிசன்
22 டிசம்பர் 1998

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிறந்துவிட்டது. உன் இரண்டு போனுக்கும் நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய்.

போன மாதம் எழுதியது பொய் இல்லை. அன்றைக்குப் பணம் இருந்தது. பிறகு யோசித்தேன். ஒருவனே கொடுப்பதைவிட, பள்ளிவாசல் வழியாக நாலு பேர் சேர்ந்து கொடுத்தால் எல்லோருக்கும் நன்மை. ரமலானில் ஏழைகளுக்கான ஜகாத் நிறைய வரும். தேர்தலில் ஜெயித்துவிட்டேன் என்பதால் கமிட்டியும் இப்போது என் கையில்தான் இருக்கிறது.

ஆனால் கமிட்டியில் ஒரு கேள்வி வருகிறது. வண்டியில் போகும் பதினோரு பேரில் முஸ்லிம்கள் எத்தனை பேர்? ஜகாத் பணம் முஸ்லிம்களுக்குத்தான் என்பதால் அதைக் கேட்கத்தானே செய்வார்கள்? பெயர்களை எழுதி அனுப்பு. பெருநாளைக்குள் முடித்துவிடலாம். அதுவரை எப்படியாவது ஓட்டிக்கொள்.

ஷம்சுதீன்


ரிச்சர்ட்சன்
24 ஜனவரி 1999

அண்ணனுக்கு,

மயில்சாமி இறந்துவிட்டார். 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பெருநாளைக்கு இரண்டு நாள் முன்னால்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை ரஞ்சித்குமாரை அவர் கம்பெனி ஆஸ்டினுக்கு அனுப்பிவிட்டது. மற்ற இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் வேறு நோயாளியோடு போய்விட்டார். நான் மட்டும் இர்விங் போனேன். வசந்தாமணியும் நானும் அவரைத் தூக்கப் பார்த்தோம். முடியவில்லை. அவர்தான், "உடுங்க பாப்பா. ஒரு நாளைக்குப் போகாட்டி ஒண்ணும் ஆவாதுங்க. இடுப்புப் புடிச்சுக்கப் போவுது உங்களுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை வீல்சேர் ஏற்றும் வாடகை வண்டி சொல்லியிருந்தேன். அது வரவே இல்லை. அவர்கள் எனக்குத் தெரிவிக்கவும் இல்லை. மயில்சாமியும் என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாமென்று மனைவியைத் தடுத்துவிட்டார். வியாழக்கிழமை விடிந்ததும் மூச்சு விட முடியவில்லை. உடம்பில் நீர் ஏறி நெஞ்சை அடைத்துவிட்டது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மூன்று நாள் இருந்தார்.

இதயம் ஏற்கனவே பலவீனம், இரண்டு தடவை தவறியதால் மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை நம்பத்தான் நானும் முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வசந்தாமணி என்னிடம் வந்தார். சண்டை போடுகிற குரலே இல்லை.

"ஏனுங்க்கா, புது வண்டி குடுக்கறம்னு யாரோ சொன்னாங்களாமே. வேண்டாம்னது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா."

"எதுக்குங்க?"

என்ன சொல்வேன், அண்ணா? எதைச் சொன்னால் அது ஒரு காரணம் மாதிரி இருக்கும்?

நீங்கள் கேட்ட பெயர்ப் பட்டியலை எட்டாம் தேதி எழுதி வைத்திருந்தேன். பதினோரு பேரில் இரண்டு பேர். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கோடு போட்டபோதே என் கை கூசியது. யூத நிதியின் விண்ணப்பத்தில் நோயாளியின் மதம் என்ன என்று ஒரு கட்டம்கூட இல்லை.

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஆனால் எழுதிக் கொடுத்தது நான். அந்தக் காகிதத்தில் இருப்பது என் கையெழுத்து. அதை உங்கள் தலையில் போட மாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மிரியம் அம்மாளைப் பார்த்தேன். மார்ச்சில் அடுத்த கூட்டமாம். புதிதாக விண்ணப்பம் கொடுத்தேன். போன முறை ஏன் மறுத்தீர்கள் என்று அதில் விளக்கம் கேட்டிருந்தார்கள். இப்படி எழுதினேன்: "பெற்றுக்கொள்ளக் கூடாது என்று என் அண்ணன் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அந்தக் காலத்தில் ஒரு நோயாளி இரண்டு முறை சிகிச்சைக்குப் போக முடியாமல் போய், பிறகு இறந்தார். மறுத்தது என் தவறு." உங்களுக்கு முதலில் அனுப்பிக் காட்டலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று அவரிடமே கொடுத்துவிட்டேன்.

சாலிஹா


எடிசன்
9 பிப்ரவரி 1999

சாலிஹா,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதை மதினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எழுதுகிறேன். இல்லாவிட்டால் இதுவும் கிழிந்துபோகும்.

கமிட்டி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வண்டியைப் பற்றிக் கமிட்டியில் நான் வாயே திறக்கவில்லை. பதினோரு பேரில் எத்தனை முஸ்லிம் என்று கேட்டது நான்தான். நாள் கடத்த எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

போன வருடம் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய மளிகைக் கடை திறந்தார்கள். அவர்கள் அரிசி விற்கும் விலைக்கு என்னால் வாங்கவே முடியாது. ஆகஸ்டில் நீ போன் பண்ணியபோது கடை வாடகை நாலு மாதம் நின்றிருந்தது. அதனால்தான் உன்னிடம் பேசவில்லை. நவம்பரில் எப்படியோ புரட்டி வைத்தேன். உனக்கு எழுதிய மறுவாரமே கட்டடக்காரன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி அதை வாங்கிக்கொண்டான். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி கடையைப் பூட்டிவிட்டேன்.

கையில் இல்லை என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்த ஊரில், நம் ஊரில், உன் வீட்டில், எல்லா இடத்திலும் நான் கொடுக்கிறவன். நீ இன்னொரு இடத்தில் வாங்கிக்கொண்டால் அந்தப் பெயர் போய்விடும் என்று பயந்தேன். பாலஸ்தீனம், பள்ளிவாசல் என்றெல்லாம் எழுதினேனே, அதில் பாதி உண்மைதான். அந்தப் பாதியை எடுத்து மற்றப் பாதியை மூடிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கமிட்டி ஆட்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் பதவி வேண்டாம் என்றும் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அந்த யூத நிதியின் பெயரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து, "பாய், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்போமே" என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விண்ணப்பத்தில் நீ எழுதியது சரி. ஒன்று மட்டும் குறைகிறது. உன் அண்ணன் பொய் சொன்னான் என்பதையும் சேர்த்திருக்கலாம்.

அந்த அம்மாள் வசந்தாமணியை நான் நேரில் பார்க்க வேண்டும்.

ஷம்சுதீன்


ரிச்சர்ட்சன்
21 மே 1999

அண்ணனுக்கு,

மூன்று மாதமாக உங்களுக்கு எழுதவில்லை. மதினி போன் பண்ணும்போதெல்லாம் வேலை என்று சொன்னேன். வேலையும் இருந்தது.

கடை போனதற்கு வருத்தப்படுகிறேன். அது வேறு. ஆனால் "என்னிடம் இல்லை, நீ வாங்கிக்கொள்" என்று ஒரு வரி எழுத உங்களுக்கு எத்தனை தபால்தலை செலவாகியிருக்கும்? உங்களிடம் பணம் இல்லை என்றால் நான் உங்களைக் குறைவாக நினைப்பேன் என்று எப்படி முடிவு பண்ணினீர்கள்? அதுதான் எனக்கு ஆறவில்லை. இன்னும் கொஞ்ச நாள் ஆறாது.

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம். லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது. ஒரு ஆளே வீல்சேரை ஏற்றிவிடலாம். பெயரை ஒட்டாமல் விடலாம் என்று மிரியம் அம்மாள் மறுபடியும் சொன்னார். நான்தான் ஒட்டச் சொன்னேன். முதல் வெள்ளிக்கிழமையே பள்ளிவாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கதவைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். போகட்டும். அவர் பாலஸ்தீனத்தில், ஜெனினில் வீட்டைப் பறிகொடுத்தவர், அவருக்குக் காரணம் இருக்கிறது. இன்னொருவர் தன் மாமியாரின் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சேர்த்துக்கொண்டேன்.

வசந்தாமணி இப்போதும் மயில்சாமி வேலை பார்த்த மோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலைக்குப் போகிறார். இந்தியாவுக்குத் திரும்பவில்லை. அவரைப் பார்க்க வரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்டேன். "வந்தா வரட்டுங்க" என்றார். வருவதாக இருந்தால் ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன்.

சாலிஹா


எடிசன்
14 ஜூன் 1999

அன்புத் தங்கை சாலிஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக வந்து சேர்ந்தேன். திங்கள்கிழமையிலிருந்து ஒரு மருந்துக் கடையில் கல்லாவில் நிற்கிறேன். முதலாளி குஜராத்திக்காரர், நல்ல மனிதர்.

நான் தனியாகப் போகிறேன் என்று சொன்னதும் நீ காரிலேயே உட்கார்ந்துவிட்டாய். வெயிலில் முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஏர்போர்ட் வரைக்கும் கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருப்பாய். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன்.

அந்த அம்மாள் என்னைச் சோபாவில் உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை, சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "வண்டிய வாங்கக் கூடாதுன்னு தடுத்தது நான்தாம்மா. நான் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு வாங்கியும் தரல. பணம் இல்லன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுப் பொய் சொன்னேன். அது பொய்யின்னு என் தங்கச்சிக்கு அப்பத் தெரியாது" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். நான் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டீ போட்டுக்கொண்டு வந்தார்.

"குடிங்க, ஆறிப்போயிரும்" என்றார். பிறகு, "மன்னிச்சுட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு வரலீங்க. மனசுல இல்லாம சும்மா வாயில சொல்லக் கூடாதுங்கல்ல" என்றார்.

"சொல்ல வேண்டாம்மா. அதுக்கு நான் வரல."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"எதுக்குன்னு ஆஸ்பத்திரியில என் தங்கச்சிகிட்ட கேட்டீங்களாம். அவளால பதில் சொல்ல முடியல. பதில் என்கிட்டதான் இருந்துச்சு."

அப்போதுதான் உட்கார்ந்தார். தரையில், சுவரில் சாய்ந்து. ரொம்ப நேரம் அழுதார். நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் குடிக்கச் சொல்லிவிட்டு அழுகிறவரின் எதிரில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டார். "அந்த வண்டி சனிக்கெழம இந்தப் பக்கம் வருதுங்களா?"

"வருதும்மா."

"எனக்குச் சனிக்கெழம லீவுங்க. நானும் ஏறிட்டுப் போலாமுங்களா? அவரு அந்த நாலு மணி நேரமும் ஒத்தையில சீலிங்கப் பாத்துட்டுப் படுத்திருப்பாரு. இங்கிலீசும் வராது. நான் உள்ள உக்காந்து பேச்சுக் குடுத்துட்டு இருந்திருக்கலாம், எனக்கு வேலையிருந்துது. அங்க இன்னும் அப்படி ஆளுக இருப்பாங்கல்லங்க?"

எனக்கு உடனே "சரிம்மா, வாங்க" என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "அது என் தங்கச்சி முடிவு பண்ண வேண்டியது. அவகிட்ட கேளுங்க" என்றேன்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா கேட்டுக்குவாங்கல்லங்க?"

"கேட்டுக்குவாம்மா. அதனாலதான் நான் சொல்லப் போறதில்ல."

அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது. கதவு வரைக்கும் வந்தார். நீ காரில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அக்காவ ஏன் வெயில்ல உக்கார வெச்சீங்க?" என்று கேட்டார்.

இந்த வாரத்துக்குள் உனக்குப் போன் பண்ணுவார். நீ என்ன பதில் சொல்லவேண்டும் என்று நான் எழுதவில்லை.

அண்ணன்,
ஷம்சுதீன்